தொட்டியில் விட்ட முளைப்பாரி

தேதி இல்லாமல் எதையும் எழுதக் கூடாது என்பது என் கொள்கை. ஆனால் எங்கள் தேயிலைத் தோட்டத்து வரிசை வீடுகளான லயத்தின் பீலி வற்றிய நாளை எந்தப் பத்திரிகையும் குறித்து வைக்கவில்லை. அதனால் எனக்குத் தெரிந்த அடையாளங்களை வைத்தே சொல்கிறேன். நான் அப்போது நாலாம் வகுப்பு. எல்ல என்ற ஊர்ப் பக்கம் புது ஹோட்டல்கள் எழும்பிக்கொண்டிருந்தன. மாரியம்மன் திருவிழா நெருங்கிக்கொண்டிருந்தது.

மலையிலிருந்து வரும் ஓடையைக் குழாய் வைத்து விழச் செய்த இடம்தான் பீலி. குடிப்பதும் குளிப்பதும் துவைப்பதும் அந்தத் தண்ணீரில்தான். அதே ஓடை எங்களைத் தாண்டி இறங்கி, சிங்களக் கிராமத்து வயல்களுக்குப் பாய்ந்து, பிறகு ஆற்றில் சேரும். அந்த ஆண்டு பீலிக்கு மேலே ஓடையை மறித்து ஒரு கம்பெனி சீமெந்துத் தொட்டி கட்டியது. அங்கிருந்து ஒரு பெரிய குழாய் ஹோட்டல்களுக்குப் போனது. மிஞ்சுவது ஓடையில் வரும் என்றார்கள். மழைக்காலத்தில் வந்தது. பங்குனி வெயிலில் மிஞ்சுவதற்கு ஒன்றும் இருக்கவில்லை.

தொட்டிக்குக் காவல்காரராக வேலை கிடைத்தது எங்கள் மாமாவுக்கு, அதாவது அப்பாவின் அக்கா புருஷனுக்கு. தொப்பியும் சப்பாத்தும் கொடுத்திருந்தார்கள். கொழுந்து பறித்துவிட்டு வந்து, குடத்தோடு அடுத்த மலைக்கு நடந்தாள் அத்தை. இருவரும் பாதையில் எதிர்ப்பட்டால் லயமே வேடிக்கை பார்க்கும்.

“வாட்ச்சர் ஐயா, ஒரு கொடம் தண்ணி கெடைக்குமாங்க?”

“சும்மா போடி. வேல போயிரும்.”

ஒருநாள் சம்பளத்தை விட்டுவிட்டு அத்தை பதுளைக் கச்சேரிக்கு, அதாவது அரசாங்க அலுவலகத்துக்குப் போனாள். எழுத்துக் கூட்டி வாசிக்க ஆள் வேண்டும் என்று என்னையும் கூட்டிப்போனாள். வாசிக்க ஒன்றும் இருக்கவில்லை. யாழ்ப்பாணத்து அதிகாரி ஒருவர் மரியாதையாக உட்காரச் சொல்லி, மேசையில் ஒரு வரைபடத்தை விரித்தார்.

“இஞ்ச பாருங்கோ அம்மா, இது முழுக்க ஒரே ஆத்து வடிநிலம். மேல இருக்கிறவைக்கும் தண்ணி வேணும், கீழ வயல் செய்யிறவைக்கும் வேணும், ஹோட்டல்காரருக்கும் வேணும். எல்லாரும் கொஞ்சம் பொறுக்கத்தான் வேணும்.”

அத்தை குனிந்து பார்த்தாள். “இதுல எங்க லயம் எங்கங்க இருக்கு?”

அவர் விரலை மேலும் கீழும் நகர்த்தினார். “அது… இந்தப் படத்தில வராது அம்மா.”

“அதானுங்க, பொறுக்கச் சொல்றப்ப மட்டும் கண்ணுக்குத் தெரியுறோம்.”

 மறுநாள் அத்தை கோயில் கமிட்டியிடம் போய், இந்த முறை வீட்டுக்கு ஒரு முளைப்பாரி போட வேண்டும் என்றாள். வழக்கமாக நேர்ந்துகொண்ட சில வீடுகளில்தான் போடுவார்கள். சட்டியில் மண்ணும் எருவும் போட்டுப் பயறு விதைத்து, இருட்டறையில் வைத்துத் தண்ணீர் தெளித்து வளர்ப்பார்கள். திருவிழாவின் கடைசி நாளில் அந்தப் பயிரை ஓடும் தண்ணீரில் விடுவது முறை. குடிக்கவே தண்ணீர் இல்லாத நேரத்தில் எதற்கு இத்தனை சட்டி என்று அப்பா கத்தினார். நானும் அத்தை பக்கம் இல்லை. என் தாகத்துக்கு அளந்து ஊற்றியவள் பயிருக்குத் தாராளமாகத் தெளித்தாள்.

இன்னொன்றும் செய்தாள். பழைய சணல் சாக்குகளைக் கிழித்து, ஒவ்வொரு சட்டியின் மண்ணுக்குள்ளும் பரப்பினாள்.

“சாக்கு எதுக்கு அத்தை?”

“பயிரு கெட்டியா நிக்கணும்ல.”

கடைசி நாள் பகலில் தப்பு முழங்க, ஆளுக்கொரு சட்டியைத் தலையில் வைத்துப் போனோம். வழக்கமான இடத்தில் வெறும் கல்தான் கிடந்தது. பூசாரி கையைப் பிசைந்தார்.

“ஓடுற தண்ணி மேலதானே இருக்கு,” என்று அத்தை மலையேறினாள். தப்பு அடிப்பவர்கள் பின்னால் போனார்கள். தப்புக்குப் பின்னால் தோட்டமே போனது.

தொட்டியின் கம்பிக் கதவடியில் மாமா நின்றார்.

“வாட்ச்சர் ஐயா, கேட்டைத் தெறங்க.”

“வேல போயிரும்டி!”

“போகட்டும். வீட்டுல தண்ணி தூக்குற வேல காலியா இருக்கு.”

கூட்டம் சிரித்தது. மாமா சட்டிகளைப் பார்த்தார், பிறகு தன் காலைப் பார்த்தார். பாரிக்கு முன்னால் சப்பாத்தோடு நிற்பவன் எங்கள் தோட்டத்தில் பிறந்தவனாக இருக்க மாட்டான். குனிந்து சப்பாத்தைக் கழற்றினார். அதற்குப் பிறகு கதவு பெரிய காரியமாக இல்லை.

தொட்டியில் நான் விட்ட பயிரைத் தண்ணீர் குழாய்ப் பக்கம் இழுத்துக்கொண்டதைப் பார்த்து, அம்மன் ஏற்றுக்கொண்டாள் என்று பூரித்துப் போனேன்.

மறுநாள் ஹோட்டல்களில் குழாய்கள் வற்றின. கம்பெனி ஆள் ஜீப்பில் வந்து குதித்தார்.

“சாமி காரியம் சார்,” என்றார் அப்பா. “ஓடையில தண்ணி இருந்திருந்தா அங்கயே விட்டிருப்போம்.”

குழாய் அடைப்பை எடுக்க வேறு வழியில்லாமல் தொட்டியின் அடிக்கதவைத் திறந்தார்கள். தண்ணீர் ஓடைக்குப் பாய்ந்தது, பீலி இரைந்தது. அந்தச் சத்தம் கேட்டு வயல்காரர்கள் மண்வெட்டியோடு மேலே ஏறி வந்தார்கள். எங்களை அடிக்க வருகிறார்கள் என்று பயந்தேன். அவர்கள் எங்கள் பக்கத்தில் வந்து நின்று, கதவை மூட விடமாட்டோம் என்றார்கள். பல கூட்டங்களுக்குப் பிறகு அந்தக் கதவு ஓரளவு திறந்தபடியே நிலைத்தது. இப்போது மிஞ்சுவதுதான் ஹோட்டல் குழாய்க்குப் போகிறது. மூடச் சொல்லி இன்றும் யாராவது வருகிறார்கள். வரும்போதெல்லாம் லயத்திலிருந்தும் வயலிலிருந்தும் ஆட்கள் போய் நிற்கிறோம்.

மாமாவுக்கு வேலை போனது. அத்தை சொன்னபடியே அவர் கையில் குடத்தைக் கொடுத்தாள்.

அடைப்பெடுத்த அன்று கம்பெனி ஆட்கள் குழாய் வாயிலிருந்து எங்கள் பாரிகளைப் பாயைச் சுருட்டுவதுபோல இழுத்தெடுத்தார்கள். வேர் சாக்கோடு பின்னிப் பிணைந்து, கத்தி வைத்தும் அறுபடவில்லை. அம்மனுக்கு எவ்வளவு பலம் என்று அத்தையிடம் சொன்னேன். “ஆமா சாமி,” என்று என் தலையைத் தடவினாள். அந்தப் பயிர் எந்த இடத்தில் கெட்டியாக நிற்க வேண்டும் என்று அவள் நினைத்து விதைத்தாள் என்பது அந்த வயதில் எனக்குத் தெரியவில்லை.