ஒரு பாதி மட்டும்

இடது கையால் பந்தடிக்கும் வாலிபால் கூட்டாளி நொட்டாங்கை ஊரை விட்டுப் போனது ஒரு வெள்ளிக்கிழமை காலை. அவன் பெட்டியைப் பேருந்தில் ஏற்றிவிட்டது ஸ்பிரிங்கு. அதுவும் ஒற்றைக் கையால். மற்றக் கை மாவுக்கட்டோடு கழுத்தில் தொங்கியது.

“நீ போக வேண்டிய பஸ்ஸுடா இது,” என்றான் நொட்டாங்கை.

“சரி சரி, ஜன்னலோரமா உக்காரு. உனக்கு வாந்தி வரும்.”

ஸ்பிரிங்கு என்பது அவன் துள்ளலுக்கு ஊர் வைத்த பெயர். அப்போது இருபது வயது. டயர் பட்டறையில் வேலை. தேய்ந்த டயரைச் சுரண்டிப் புது ரப்பர் ஒட்டுவான். சாயங்காலமானால் மைதானம். உயரம் தாண்டுவதா, நூறு மீட்டரா, வாலிபாலா, கால்பந்தில் கோல் காப்பதா, எதிலும் அவனை அடித்துக்கொள்ள ஆள் கிடையாது. எந்த அணியில் ஆள் குறைந்தாலும் பட்டறை வாசலில் ஒரு சைக்கிள் வந்து நிற்கும். ‘முடியாது’ என்பது அவன் வாயில் வராது.

உயிர் மட்டும் வாலிபாலில்தான் இருந்தது. அந்த வெள்ளிக்கிழமைக்கு முந்தைய ஞாயிறு மாலை, துறைமுகக் கம்பெனி அணிக்கு ஆள் எடுக்க ஒரு கோச் வருவதாக இருந்தது. தேறினால் நிரந்தர வேலை. வேலையில் முக்கால்வாசி ஆட்டம். அன்று காலை அக்கா புருஷன் வந்து நின்றார். பேக்கரிக்காரர், சொந்தமாகக் கால்பந்து அணி வைத்திருந்தார். கடையில் பன்னுக்கு மேல்தட்டு முழுக்கக் கோப்பைகள்.

“மாப்ள, நம்ம கோல்கீப்பருக்கு வயித்தால போகுது. ஒரு பாதி மட்டும் நில்லு.”

“சாயங்காலம் செலக்‌ஷன் மாமா.”

“அதுக்குப் பகல் பூரா கெடக்கு. உன்னக் கல்லா உடைக்கச் சொல்றேன்? சும்மா நிக்கத்தானே சொல்றேன்.”

நின்றான். பாதி முடியும் நேரத்தில் ஒரு பந்துக்குப் பாய்ந்து கம்பத்தில் போய் விழுந்தான். பந்து வெளியே போனது, மணிக்கட்டு உடைந்தது. மாலையில் கோச் நொட்டாங்கையை எடுத்துக்கொண்டார்.

மாமா அவனைத் தாங்கு தாங்கென்று தாங்கினார். ஆஸ்பத்திரிக்கு அலைந்தார், சட்டைப் பொத்தானைக்கூடப் போட்டுவிட்டார். “உன் ராசி அவ்வளவுதான் மாப்ள, விடு,” என்றார். அவனும் ராசியின் தலையில் பழியைப் போட்டுவிட்டு, கட்டுப் பிரித்ததும் மாமாவின் கோலுக்கு முன்னால் போய் நின்றான். எலும்பு கொஞ்சம் கோணலாகத்தான் கூடியிருந்தது.

வருடக்கணக்கில் நின்றான். நடுநடுவே ஓடினான், தாண்டினான், டேபிள் டென்னிஸ் மட்டையைக்கூட விடவில்லை. கோப்பைகள் பேக்கரித் தட்டில் ஏறின. வீட்டுக்கு வந்தது முட்டி வலி மட்டும்.

“ஊர்ல எவனுக்கு ஆள் குறைஞ்சாலும் ஓடுறீங்க,” என்றாள் பெண்டாட்டி. “இந்த வீட்ல ஒரு ஆள் குறையுறது கண்ணுக்குத் தெரியுதா?”

பிறகு முட்டி அடியோடு போனது. பட்டறை வாசலில் சைக்கிள் நிற்பதும் நின்றது. ரப்பர் நாற்றத்துக்குள் உட்கார்ந்து, மைதானத்துக் கூச்சலை வைத்தே யாருக்குக் கோல் விழுந்தது என்று சொல்லுவான். கேட்கத்தான் யாருமில்லை.

மாமாவுக்குப் பக்கவாதம் வந்து ஒரு பக்கம் விழுந்துவிட்டது, பேச்சும் போய்விட்டது. சாயங்காலங்களில் அவரைக் கைத்தாங்கலாக மைதானத்தைச் சுற்றி நடத்துவது ஸ்பிரிங்குதான். தலை நரைத்த இருவரும் நொண்டி நொண்டிப் போவார்கள்.

அப்படி ஒரு நாள் போன் சிணுங்கியது. நொட்டாங்கை அனுப்பிய குரல் பதிவு. ஒரு கையில் மாமா இருந்ததால், மறு கையால் ஸ்பீக்கரில் போட்டான்.

“டேய் ஸ்பிரிங்கு, அன்னிக்கு ஆள் எடுக்க வந்த எங்க கம்பெனி கோச்சப் பாக்கப் போயிருந்தேன். படுத்த படுக்கையாக் கெடக்குறாரு, உன்ன மட்டும் மறக்கல. அன்னிக்குக் காலைலயே வந்து நீ பாஞ்சதப் பாத்தாராம். உனக்குன்னு ஒரு எடத்தக் காலியாவே வச்சிருந்தாராம். கை சேந்ததும் அனுப்பி வைங்கன்னு உங்க மாமாகிட்ட நேர்லயும் சொல்லி, அப்புறம் ஆள் விட்டும் கேட்டாராம். அவரு, பையனுக்கு இஷ்டமில்லன்னுட்டாராமே? ஏண்டா வரல நீ?”

மாமா நின்றுவிட்டார். அவருடைய நல்ல கை ஸ்பிரிங்கின் கோணல் மணிக்கட்டை இறுக்கியது. வாய் திறந்தது, எச்சில்தான் வழிந்தது. ஸ்பிரிங்கு பழக்கத்தில் துண்டை எடுத்துத் துடைத்தான். எதிரே துருப்பிடித்த கோல் கம்பம்.

போன் மறுபடி சிணுங்கியது.

“கேட்டியாடா? ஏதாவது பதில் சொல்லு.”