சூசைதாசன் அங்கிளின் பனிமலை

சூசைதாசன் அங்கிளுக்குப் பனி என்பது தள்ளி ஒதுக்க வேண்டிய சாமான். மன்னாரில் பிறந்தவர், இருபது குளிர்காலமாக குடிபெயர்ந்த மில்லிக்கனில், கடைத்தொகுதிப் பிளாசாக்களில் பனி வழிக்கும் வண்டி ஓட்டுகிறார். இரண்டு தட்டையான ஊர்களை மட்டுமே கண்ட அந்த மனிதர் இந்த மாசியில் மலைப் பனிச்சரிவு நிபுணராகிவிட்டார். காரணம், மகள் செலீன். சிநேகிதிகளோடு றொக்கி மலையில், ஆள் நடமாட்டமில்லாத பக்கமாய்ச் சறுக்கப் போவதாக அறிவித்திருந்தாள்.

இருபத்தேழு வயது மகளிடம் 'போகாதை' என்று சொல்லத் துணிவில்லாமல் அங்கிள் விஞ்ஞானத்தைத் துணைக்கு அழைத்தார். ஒருநாள் தட்டில் சீனி பரப்பி, மேலே மாவைக் கொட்டி, ஒரு பக்கத்தைத் தூக்கினார்.

"பார் பிள்ளை, அடியிலை பிடிப்பில்லாத படை. மேலை புதுப் பனி குந்திக்கொண்டிருக்கு. நீ மிதிச்சாயெண்டால்..."

மாவு மொத்தமாக நிலத்தில் விழுந்தது.

"இஞ்சாருங்கோ, விழுந்த மலையை நீங்களே கூட்டுங்கோ," என்றார் அவர் மனைவி யூஜினி அன்ரி.

"உதெல்லாம் நான் கோர்ஸிலை படிச்சிட்டன், அப்பா."

"அப்ப பனிச்சரிவு அறிக்கை சொல்லட்டும். ஆபத்தெண்டால் நில். இல்லையெண்டால் நான் வாய் திறக்கமாட்டன்."

முதல் இரண்டு கிழமையும் ஆபத்து கடுமை. மலையில் அது கூடக்கூட அங்கிளின் முகம் தெளிந்தது. பிறகு பனிப் படைகள் ஒன்றோடொன்று பிடித்து இறுகத் தொடங்கின. பயணத்துக்கு முதல் ஞாயிறு, உச்சி முதல் அடிவாரம் வரை 'குறைவு' என்றது அறிக்கை. அங்கிள் பூசையில் முழந்தாளிட்டபடி போனை மூன்று தரம் பார்த்தார்.

"குறைவெண்டால் இல்லையெண்டில்லை!"

"அதுக்குத்தானே பீக்கன் கொண்டுபோறம்." புதையுண்டவரின் கருவி பனிக்கடியிலிருந்து சிக்னல் அனுப்ப, மற்றவர்கள் தங்கள் கருவியால் தேடிப் பிடிப்பார்கள்.

"அப்ப பிடிச்சுக் காட்டு. கால்மணித்தியாலம். பிந்தினால் டிக்கெட் கான்சல்."

பிளாசாவின் பின்னால், அவரே தள்ளிக் குவித்த பனிமலை. ஒரு பீக்கனைச் சாப்பாட்டுப் பெட்டியில் வைத்துத் தோள்மூட்டு வரை கையை விட்டுப் புதைத்தார். மேலே ஏறிநின்று மிதித்தும் விட்டார். செலீன் மற்றதைப் பிடித்தபடி வந்தாள், குனிந்தாள், மெல்லிய கம்பியால் குத்திப் பார்த்து, "இஞ்சை" என்றாள்.

ஆனால் வண்டி இறுக்கிய பனி கொங்கிறீற். செலீன் பனி அள்ளும் தன் சின்னச் சவளால் கிண்டக் கிண்டக் கோப்பிக் கப்பும் ஒற்றைக் கையுறையும் வந்தன, பெட்டி வரவில்லை. அங்கிள் மணிக்கூட்டைப் பார்த்தார். பேசாமல் நின்றால் போதும், வென்றுவிடுவார்.

"உப்பிடி மேலையிருந்து கிண்டாதை! கீழ்ப்பக்கத்தாலை வா!" என்று கத்தினார். அதுவும் பொறுக்காமல் தன் சவளோடு பாய்ந்து, மகளுக்குப் பக்கத்தில் மூச்சிரைக்கத் தோண்டினார். பெட்டியின் மூடி தெரிந்தது.

"நேரம் என்னப்பா?"

அங்கிள் ஜக்கெற்றின் கையை மணிக்கூட்டின் மேல் இழுத்துவிட்டார். "இன்னும் கிடக்கு."

காருக்குள்ளிருந்த அன்ரி கண்ணாடியை இறக்கினார். "என்ன, போறாளோ, இல்லையோ?"

"போகட்டும். ஆனால் உவளின்ரை விளையாட்டுச் சவள் உதவாது. என்ரையைக் கொண்டுபோகட்டும்."

"அது என்ரை உயரம், அப்பா. பிளேனிலை ஏத்த விடமாட்டினம்."

"ஏன் விடாயினம்? நான் வந்து கதைக்கிறன்."