ஜடைக்கு ஒப்பாரி

என் கணவர் கல்யாண ஆர்கெஸ்ட்ராவில் கீபோர்டு வாசிப்பவர். முகூர்த்த நாட்களில் ஊர் ஊராகப் போவார். மற்ற நாட்களில் திருத்தணி பஸ் ஸ்டாண்டு பக்கம் இருக்கிற எங்கள் செல்போன் கடையில் உட்கார்ந்திருப்பார். யார் யாரோ போட்ட மெட்டுகளையே வாசித்து அலுத்துப்போய், சொந்தமாக ஒரு பாட்டு நாடகம் போடவேண்டும் என்று பல வருடங்களாகச் சொல்லிக்கொண்டிருந்தார். போன வருடம் நிஜமாகவே எழுதி முடித்துவிட்டார். வசனம் கொஞ்சம், பாட்டு நிறைய.

கதை எங்கள் ஊரிலேயே கிடைத்தது. மலைக்கோயிலில் வேண்டுதலுக்கு மொட்டையடித்துக்கொண்ட ஒரு பெண்ணும், அதே நாளில் மொட்டையடித்துக்கொண்ட ஒரு பையனும், சந்தனம் பூசிய தலையோடு ஒருவரையொருவர் பார்த்துக்கொள்கிறார்கள். பிடித்துப்போகிறது. பேர் கேட்பதற்குள் கூட்டம் இருவரையும் பிரித்துவிடுகிறது. முடியெல்லாம் வளர்ந்த பிறகு ஒருநாள் பெண் பார்க்க வருபவன் அதே பையன்தான். ஆனால் இருவருக்கும் அடையாளம் தெரியவில்லை.

அந்தப் பெண் வேஷம் எனக்குத்தான். வேறு யாரையும் போடலாம் என்ற பேச்சே எழவில்லை. நான் முறையாகச் சங்கீதம் படித்தவள், ஒரு தனியார் பள்ளியில் பாட்டு டீச்சர். பெண் பார்க்கும் காட்சி முடிந்ததும் நான் தனியாக நின்று பாடுகிற ஒரு பெரிய பாட்டு இருந்தது. அதை என் குரலை மனதில் வைத்தே போட்டதாக அவர் சொன்னார். கல்யாணமான இத்தனை வருடத்தில் அவர் எனக்குக் கொடுத்ததிலேயே பெரிய பொருள் அந்தப் பாட்டுதான் என்று நினைத்தேன்.

சென்னையில் ஒரு சபாவை நடத்துபவர் நாடகத்தைப் படித்துப் பார்த்தார். "முதல்ல உங்க பக்கத்து ஊர்கள்ல போட்டுப் பாருங்க. ஜனங்க எங்க சிரிக்கிறாங்க, எங்க எழுந்து போறாங்கன்னு பாத்துத் திருத்துங்க. திருத்தணியில போடறப்ப நான் வரேன். நல்லா இருந்தா சபாவுல போடலாம்" என்றார்.

முதல் ஆட்டத்துக்கு நாள் நெருங்கியபோது, கதாநாயகியின் அத்தையாக நடிக்க இருந்த என்னோடு பள்ளியில் வேலை பார்க்கும் டீச்சர் ஒருவர், மகளுக்குப் பிரசவம் என்று விலகிக்கொண்டார். சின்ன வேஷம்தான். அண்ணன் மகளுக்காகத் தானும் மொட்டையடித்துக்கொண்டு, வெட்டுப்பட்ட தன் ஜடையைப் பார்த்து நாலு வரி ஒப்பாரி வைக்கவேண்டும். அவ்வளவுதான். அன்று ராத்திரி சாப்பாட்டின்போது இவர் அந்த வரிகளைச் சும்மா முணுமுணுத்துக்கொண்டிருந்தார். சாதம் போட்டுக்கொண்டிருந்த என் ஓரகத்தி கரண்டியைக் கையில் வைத்தபடியே அதை வாங்கி, இழுத்து, மூக்கைச் சிந்துவதுபோல் ஒரு சத்தம் கொடுத்துப் பாடினாள். வீடே சிரித்தது. நானும்தான் சிரித்தேன்.

ஓரகத்தி என்றால் என் கொழுந்தனாரின் மனைவி. ஒரே வீடு, ஒரே சமையல். அவள் நகரிக்காரி, வீட்டில் தெலுங்கு பேசி வளர்ந்தவள். என்னை அக்கா என்பாள், என் கணவரைப் பாவா என்பாள். சங்கீதம் என்றால் என்னவென்றே தெரியாது. சுருதிப்பெட்டியைப் போட்டால், "இன்னாக்கா, மிக்ஸி எதுனா ரிப்பேரா?" என்று கேட்பாள்.

"நீயே பண்ணிடும்மா" என்றார் இவர்.

"ஆங், பண்றேன் பாவா" என்றாள். ஒரு நிமிஷம்கூட யோசிக்கவில்லை.

முதல் ஆட்டம் கே.ஜி.கண்டிகையில். டீக்கடைக்குப் பின்னால் இருந்த காலி இடத்தில் ஷாமியானா போட்டு நடத்தினோம். ரப்பர் மொட்டையை மாட்டி, அதன்மேல் சந்தனம் பூசிக்கொண்டு நான் வந்தபோது குழந்தைகள் கை தட்டினார்கள். எனக்குத் தெம்பாக இருந்தது. அப்புறம் அத்தையாக இவள் வந்தாள். அறுத்துப்போட்ட ஜடையைக் குழந்தை மாதிரி மடியில் போட்டுக்கொண்டு உட்கார்ந்தாள்.

முழம் முழமா பூ வாங்கி முடிஞ்சேனே ஜடையே - என்ன
மொட்டச்சியா உட்டுப்புட்டுப் போனியே ஜடையே

முன்வரிசைப் பெண்கள் ஒருவர் தோளில் ஒருவர் சாய்ந்து சிரித்தார்கள். சவாரிக்குக் காத்திருந்த ஆட்டோக்காரர்கள் இறங்கி உள்ளே வந்தார்கள். நான் திரைக்குப் பக்கத்தில் நின்று எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தேன். இவள் இரண்டு இடத்தில் சுருதி விலகினாள். யாருக்கும் அது கேட்டதாகத் தெரியவில்லை.

என் பெரிய பாட்டு வந்தது. நான் மேல் ஸ்தாயியில் நின்றுகொண்டிருக்கும்போது ரோட்டில் ஒரு பஸ் வந்து ஹாரன் அடித்தது. பாதிப் பேர் திரும்பிப் பார்த்தார்கள். சில பேர் பையைத் தூக்கிக்கொண்டு பஸ்ஸுக்கே போய்விட்டார்கள். பஸ் போனால் அடுத்ததுக்கு எவ்வளவு நேரம் ஆகும் என்பது எனக்கும் தெரியும். ஆனால் ஒப்பாரியின்போதும் ஒரு பஸ் வந்தது. அப்போது ஒருவரும் அசையவில்லை.

ஆட்டம் முடிந்ததும் ஒரு அம்மா என்னிடம் வந்தார். "நீங்க டீச்சருங்களா? நல்லா கணீர்னு பாடறீங்க" என்று சொல்லிக்கொண்டே என் தோளுக்கு மேல் பார்த்துக்கொண்டிருந்தார். "அந்த அத்தையா வந்தாங்களே, அவங்க எங்கங்க?"

கையைக் காட்டினேன்.

அடுத்தது பொதட்டூர்பேட்டை, நெசவாளர் ஊர். தறி ஓடாத நாளாகப் பார்த்து வைத்திருந்தோம், நல்ல கூட்டம். அங்கே பாதி வீடுகளில் தெலுங்குதான். அது தெரிந்தோ என்னவோ, இவள் ஒப்பாரியின் நடுவில் "எக்கட போயாவே நா ஜடா" என்று, எங்கே போனாய் என் ஜடையே எனத் தெலுங்கில் கேட்கிற, யாரும் எழுதிக் கொடுக்காத ஒரு வரியைச் சேர்த்து மார்பில் அடித்துக்கொண்டாள். லுங்கி கட்டின பெரியவர்கள் விசில் அடித்தார்கள். "இன்னொரு தபா! இன்னொரு தபா!" என்று கத்தினார்கள். இவர் கீபோர்டிலிருந்து அவளைப் பார்த்துத் தலையாட்ட, முழுப்பாட்டையும் மறுபடி பாடினாள். இவர் முகத்தில் அப்படி ஒரு சிரிப்பை நான் பார்த்து ரொம்ப நாளாகியிருந்தது.

பெண் பார்க்கும் காட்சியில் நான் காபித் தட்டோடு வந்து நிற்கும்போது முன்வரிசையில் ஒரு பெண் பக்கத்திலிருந்தவளிடம் சொன்னது எனக்குத் தெளிவாகக் கேட்டது. "பையனை விடப் பொண்ணு பெரிசா இருக்கும் போல கீதே."

வேனில் திரும்பி வரும்போது இவர் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். அவர் குரலைக் குறைத்தபோதே எனக்குப் புரிந்துவிட்டது.

"உன் பாட்டுல ரெண்டாவது சரணத்தை எடுத்துட்டா இன்னா? கொஞ்சம் நீளமா தெரியுது."

"எடுத்துடுங்க."

"கோவமா?"

"இல்லீங்க."

"பெண் பாக்கற சீன்ல அத்தைக்கு இன்னொரு சின்னப் பாட்டு வெக்கலாம்னு இருக்கேன். ஜனங்க அவளைத் தேடறாங்க."

நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன். பின் சீட்டில் அவள் யாரோ எடுத்து அனுப்பியிருந்த தன் வீடியோவைப் போட்டுப் பார்த்துக்கொண்டிருந்தாள். வீட்டுக்கு வந்த பிறகும் அடுத்த அறையிலிருந்து அதே சத்தம் கேட்டது. ஒப்பாரி, சிரிப்பு, விசில். முடிந்ததும் மறுபடி முதலிலிருந்து. என் கணவர் தூங்கிவிட்டார். எனக்கு அந்த வீடியோவில் விசில் எங்கே வரும் என்பதே மனப்பாடம் ஆகிவிட்டது.

அதற்குப் பிறகு வந்த நாட்களில் நான் அவளோடு சரியாகவே பேசவில்லை. சண்டையும் போடவில்லை. பருப்பு வேகிறதா என்று கேட்டால் வேகிறது என்பேன். அவ்வளவுதான். அவளோ தெருவில் காய்கறி வாங்கப் போனாலும் யாராவது நிறுத்திப் பேசி, அந்தக் கதையை வந்து என்னிடமே சொல்வாள். "பாவா ரெண்டாவது பாட்டு போட்டுக்கினு இருக்காருக்கா, மெட்டு சூப்பரா இருக்குது" என்பாள். அந்த மெட்டை அவர் என்னிடம் இன்னும் வாசித்துக் காட்டியிருக்கவில்லை. அவள் கிண்டலாகச் சொல்கிறாளா, ஒன்றும் தெரியாமல் சொல்கிறாளா என்று நாள் முழுக்க யோசிப்பேன். பள்ளியில் பிள்ளைகளுக்கு சரளி வரிசை சொல்லிக்கொடுக்கும்போதும் அதே யோசனைதான்.

திருவாலங்காட்டில் ஆட்டம் வைத்த அன்று காலையில் அவளுக்குத் தொண்டை கட்டிக்கொண்டது. மொட்டை மாடியில் புதுப் பாட்டைக் கத்திக் கத்திப் பழகியதில் காற்று மட்டும்தான் வந்தது. மிளகு போட்டுப் பால் கொடுத்தார்கள், வெந்நீர் கொப்பளிக்க வைத்தார்கள். பலிக்கவில்லை.

இவர் என்னிடம் வந்தார். "இன்னிக்கு ஒரு நாள் ஒப்பாரியை நீயே பாடிடு. அத்தை வேணாம், மொட்டையடிச்ச பொண்ணே தன் ஜடையைப் பாத்து அழட்டும். உனக்கு இன்னா, ஒரு தபா பாத்தா வந்துடும்."

பார்க்கவே வேண்டியிருக்கவில்லை. ஒவ்வொரு வரியும், ஒவ்வொரு மூக்குச் சிந்தலும் எனக்குத் தெரியும். வேனில் போகும்போது மனதுக்குள் பாடிப் பார்த்தேன். சுருதி விலகுகிற அந்த இரண்டு இடங்களையும் சரிசெய்தேன். உள்ளுக்குள் ஒரு குதியாட்டம். பொறாமையோடேயே இத்தனை நாள் இருந்துவிட்டு, அது கேட்டதெல்லாம் ஒரே நாளில் கையில் வந்து விழுந்த மாதிரி இருந்தது.

திருவாலங்காட்டுக் கூட்டம் அமைதியான கூட்டம். கரும்பு வெட்டிவிட்டு, குளித்துச் சாப்பிட்டு, பாய் எடுத்துக்கொண்டு வந்து உட்கார்ந்திருந்தார்கள். அவள் தொண்டையில் துண்டைச் சுற்றிக்கொண்டு, ஜனங்களோடு ஜனமாக முன்பக்கம் ஓரத்தில் ஒரு நாற்காலியில் இருந்தாள். நான் ஜடையை மடியில் போட்டுக்கொண்டு உட்கார்ந்தேன். பாடினேன். நன்றாகப் பாடினேன் என்று இப்போதும் சொல்வேன்.

ஒருவரும் சிரிக்கவில்லை.

முதல் வரிக்குச் சிரிக்கவில்லை, சரி, அடுத்ததுக்குச் சிரிப்பார்கள் என்று நினைத்தேன். "மொட்டச்சியா" என்ற இடத்தில் கொஞ்சம் நிறுத்தினேன். இவள் நிறுத்துகிற அதே இடம். அமைதி. தெலுங்கு வரியில் மார்பில் அடித்துக்கொண்டேன். பாயில் உட்கார்ந்திருந்த ஒரு வயதான அம்மா முந்தானையால் கண்ணைத் துடைத்தார். அவர் பக்கத்தில் இருந்தவர் "பாவம்" என்றார். எனக்கு வாய் பாடிக்கொண்டிருந்தது, காது சுட்டது. அந்தப் பெண்ணுக்கு என்னவோ நடந்துவிட்டது என்று நினைத்துவிட்டார்கள். அடுத்து வந்த வேடிக்கை வசனங்கள் எல்லாம் துக்க வீட்டில் சொன்ன ஜோக் மாதிரி விழுந்தன. நாடகம் கடைசிவரை எழுந்திருக்கவே இல்லை.

இடைவேளையில் இவர் என் கையைப் பிடித்தார். "அழ வெச்சிட்ட போ. ஆனா அங்க அழக்கூடாது."

"தெரியும்" என்றேன். தெரிந்ததுதான் பெரிய கஷ்டமாக இருந்தது. அவளிடம் இருந்தது திருட்டுத்தனமாக எடுத்துக்கொள்ளக்கூடிய பொருள் இல்லை என்று ஆகிவிட்டது. இத்தனை நாள், ஏதோ என் பாட்டுக்குக் கிடைத்திருக்கவேண்டிய கைத்தட்டலை அவள் வாங்கிக்கொண்டாள் என்று கணக்குப் போட்டுக்கொண்டிருந்தேன். அது என்னுடையதே இல்லை.

திரும்பும்போது வேனில் அவள் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். என் காதுக்குப் பக்கத்தில் குனிந்து, வராத குரலை இழுத்துப் பேசினாள்.

"அக்கா, ஒண்ணு சொன்னா அடிக்க மாட்டியே?"

"சொல்லு."

"நீ நல்லா பாடறவ. இனிமே பாட்டு உனக்கே போயிடும்னு பயந்துகினு உக்காந்திருந்தேன். ஒருத்தரும் சிரிக்கக் கூடாது, ஒருத்தரும் சிரிக்கக் கூடாதுன்னு முருகனை வேண்டிக்கினே இருந்தேன்."

நான் அவளைத் திரும்பிப் பார்த்தேன்.

"யாரும் சிரிக்கல இல்ல? எனக்கு அப்பா... அப்படி ஒரு சந்தோசம்கா" என்றாள். அவள் கண் கலங்கியிருந்தது. அழுகையா, தொண்டை வலியா என்று தெரியவில்லை.

எனக்கு முதலில் கோபம் வந்தது. என் வேலை கெட்டுப்போகவேண்டும் என்று சாமியிடம் கேட்டிருக்கிறாள், அதையும் என்னிடமே சொல்கிறாள். ஆனால் கோபம் நிலைக்கவில்லை. என்னைப் பார்த்து ஒருத்தி பயந்திருக்கிறாள். என் பாட்டைக் கேட்டு ஒருத்தி முருகனைக் கூப்பிட்டிருக்கிறாள். நான்கைந்து வாரமாக நான் பட்ட அவஸ்தையை, ஒரு பாட்டு நேரமாவது அவளும் பட்டிருக்கிறாள். அது எவ்வளவு இனிப்பாக இருந்தது என்று சொன்னால் என்னை நல்லவள் என்று யாரும் சொல்லமாட்டார்கள்.

"உன் வீடியோவை ராத்திரி ராத்திரி போடுவியே, எனக்குத் தூக்கமே வரலடி" என்றேன்.

"தெரியும்கா" என்றாள். "உன் ரூம் சுவத்துப் பக்கமாத்தான் வெச்சிக்கினு போடுவேன்."

அதைக் கேட்டதும் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவளும் சத்தமில்லாமல் உடம்பு குலுங்கச் சிரித்தாள். முன் சீட்டிலிருந்து இவர் திரும்பி, "இன்னாம்மா?" என்றார். ஒன்றும் இல்லை என்றோம்.

திருத்தணியில் கல்யாண மண்டபத்தில் கடைசி ஆட்டம். சபாக்காரர் வந்திருந்தார். அவளுக்குக் குரல் திரும்பியிருந்தது. ஒப்பாரிக்கு மண்டபம் அதிர்ந்தது. பெண் பார்க்கும் காட்சியில் போட்ட இரண்டாவது பாட்டுக்கும் அப்படியே. ஒரு சரணம் குறைந்த என் பாட்டுக்கு ஒருவரும் எழுந்து போகவில்லை, முடிந்ததும் கை தட்டினார்கள். போதுமான கைத்தட்டல். குறைத்தது சரிதான் என்று எனக்கே தெரிந்தது. அதற்காக வருத்தம் குறைந்தது என்று சொல்ல முடியாது.

சபாக்காரர் மேடைக்குப் பின்னால் வந்து இவர் கையைக் குலுக்கினார், தேதி பார்த்துச் சொல்வதாகச் சொன்னார். அப்புறம் சுற்றிப் பார்த்து, "அத்தை எங்க?" என்றார்.

சென்னையில் போட்டோம், நன்றாகப் போனது. இப்போது வேறு ஊர்களிலும் கேட்கிறார்கள். நானும் அவளும் நன்றாகத்தான் பேசிக்கொள்கிறோம். வீடியோ பார்க்கவேண்டுமானால் எங்கள் அறைக்கே வந்து என் பக்கத்தில் படுத்துக்கொண்டு பார்க்கிறாள். அவள் சுருதி விலகுகிற இடத்தை நான் காட்டினால், "அங்கதான்கா விசில் வந்துது" என்கிறாள். அது உண்மைதான்.

போன வாரம் மார்க்கெட்டில் இருவரும் தக்காளி பொறுக்கிக்கொண்டிருந்தோம். கைக்குழந்தையோடு ஒரு பெண் ஓடி வந்து, "நீங்க ஜடை அத்தை தானே?" என்று அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். ஒரு போட்டோ எடுத்துக்கொள்ளலாமா என்று கேட்டாள். குழந்தையை வைத்துக்கொண்டு செல்ஃபி எடுக்க வரவில்லை. சுற்றும் முற்றும் பார்த்துவிட்டு, "அக்கா, நீங்க கொஞ்சம் எடுத்துத் தரீங்களா?" என்று போனை என்னிடம் நீட்டினாள்.

பையைக் கீழே வைத்துவிட்டு வாங்கிக்கொண்டேன். வெயில் முகத்தில் அடித்தது, நகர்ந்து நிற்கச் சொன்னேன். குழந்தை வேறெங்கோ பார்த்தது, சொடக்குப் போட்டுத் திருப்பினேன். முதல் படத்தில் இவள் கண்ணை மூடியிருந்தாள். அதையே கொடுத்துவிடலாமா என்று ஒரு நொடி தோன்றியது. இன்னொன்று எடுத்துக் கொடுத்தேன்.