மூன்று விரல் தெரியும் இடம்

பிற்பகல் 12.40. லஸ் முனையில் ஆட்டோக்காரர் எழும்பூருக்கு அறுபது ரூபாய் கேட்டார். ஞாயிற்றுக்கிழமை மீட்டருக்கும் லீவு என்றார். ஜமீலா அக்கா பேரம் பேசவில்லை. குடையை விரித்துக்கொண்டு திருமயிலை ரயில் நிலையத்தை நோக்கி நடந்தார். பறக்கும் ரயில் மயிலாப்பூர் வரை வந்து சில மாதங்கள்தான் ஆகியிருந்தன. டிக்கெட் ஆளுக்கு நான்கு ரூபாய். எங்கள் பெட்டியில் எங்களையும் சேர்த்து ஐந்து பேர்.

ஜமீலா அக்கா, நான் குடியிருக்கும் கட்டடத்தின் கீழ்த்தளத்தில் உள்ள பல் மருத்துவமனையில் பதினோரு வருடமாக உதவியாளர். மகன் சலீம் திருச்சியில் ஒரு தொழிற்சாலை ஹாக்கி அணியின் கோல்கீப்பர். அணி வெள்ளிக்கிழமையே சென்னை வந்துவிட்டது. போட்டி முடியும்வரை ஆட்டக்காரர்களை வெளியே விடுவதில்லை. இன்று இறுதி ஆட்டம். முடிந்ததும் ஏழு மணி வண்டியில் திருச்சி திரும்புகிறார்கள்.

நேற்று அவன் மருத்துவமனைக்குப் போன் செய்தான். பயிற்சியில் பந்து தாடையில் லேசாக உரசியது, ஒன்றுமில்லை என்றான். அக்கா நம்பவில்லை. பல்லைக் கடித்துக்கொண்டு பேசுகிறவர்களின் குரலை அவர் தினமும் கேட்கிறவர்.

"எலும்பு விட்டிருந்தா வாயி தொறக்காது தம்பி. மூணு வெரலை ஒண்ணு மேல ஒண்ணா வாய்க்குள்ள வுடணும். போச்சுன்னா ஒண்ணுமில்ல. போவலைன்னா நான் அவனை வண்டி ஏற வுட மாட்டேன்."

அவர் மடியில் இருந்த துணிப்பையில் சலீமின் லுங்கி, ஒரு சட்டை, ஒரு பிளாஸ்க் கஞ்சி. வீட்டுக்கு அழைத்துப்போகத் தயாராகவே வந்திருந்தார். ஹாக்கி பார்க்கப் போகிறவன் என்று அவருக்குத் தெரிந்த ஒரே ஆள் நான். முகம் தெரிகிற இடமாகப் பார்த்து உட்காரவைக்க வேண்டும் என்பதுதான் எனக்கு இடப்பட்ட வேலை.

பார்க் டவுனில் இறங்கி, பார்க் நிலையத்துக்கு நடந்து, அங்கிருந்து ஒரே நிறுத்தம் எழும்பூர். 1.35க்கு ஹாக்கி மைதான வாசலில் இருந்தோம். திறந்த காலரி பத்து ரூபாய், மேற்கே கூரை போட்ட பகுதி முப்பது. மூன்று மணிக்கு மேல் வெயில் முதுகுப் பக்கம் போய்விடும் என்பதால் மேற்கையே வாங்கினேன். நடுக்கோட்டுக்கு நேராக, மேலிருந்து மூன்றாவது வரிசை நான் வழக்கமாக உட்காரும் இடம். மைதானம் முழுவதும் ஒரே பார்வையில் அடங்கும். அக்கா அங்கே ஏறி நின்று கீழே பார்த்தார்.

"எல்லாம் எறும்பு மாதிரி கீது. இங்க எப்படித் தெரியும்?" என்றார்.

இறுதி ஆட்டம் 3.45க்கு. அதற்கு முன் இரண்டு மணிக்கு மூன்றாம் இடத்துக்கான ஆட்டம் இருந்தது. இடங்களைச் சோதிக்க அதுவே வசதி என்று கீழே இறங்கினோம்.

முதலில் கோலுக்குப் பின்புறம். கீப்பர் பத்து மீட்டர் தூரத்தில்தான் நின்றார். ஆனால் தெரிந்தது முதுகும் வலையும் மட்டுமே. திரும்பியபோதும் ஹெல்மெட்டின் கம்பிகள். அடுத்து, ஆட்டக்காரர்கள் உட்காரும் பெஞ்சுக்கு நேர் பின்னால். இடைவேளையில் ஹெல்மெட்டைக் கழற்றிவிட்டு இங்கேதான் வருவார்கள் என்பது என் கணக்கு. வந்தார்கள். மைதானத்தைப் பார்த்து உட்கார்ந்தார்கள். ஆரஞ்சுச் சுளை தின்னும் பதினாறு பிடரிகளைப் பார்த்தோம்.

இத்தனை வருடம் ஆட்டம் பார்த்த எனக்குத் தெரியாததை அக்கா அந்த ஒரே இடைவேளையில் கவனித்திருந்தார். இரண்டு கீப்பர்களும் கோலிலிருந்து பெஞ்சுக்கு வரும் வழியில், இருபத்தைந்து கெஜக் கோட்டைத் தாண்டியதும் ஹெல்மெட்டைக் கழற்றினார்கள். அங்கிருந்து பெஞ்சு வரை முகம் எங்கள் பக்கம் இருந்தது.

"இருவது இருவத்திரெண்டு எட்டு. அதுக்குள்ள பாத்துடணும்" என்றார்.

ஒரு சிக்கல் மிச்சமிருந்தது. சலீம் முதல் பாதியில் வடக்குக் கோலில் நிற்பானா, தெற்குக் கோலில் நிற்பானா என்பது டாஸ் போட்டால்தான் தெரியும். கூட்டமோ ஏறிக்கொண்டே இருந்தது. கம்பித் தடுப்பை ஒட்டிய முதல் வரிசையில், பெஞ்சுக்கு வடக்கே அக்காவின் குடையையும் தெற்கே என் நாளிதழையும் போட்டு இடம் பிடித்தோம். வேர்க்கடலைப் பொட்டலத்தோடு வந்த ரயில்வே பென்ஷன்காரர் ஒருவர் குடையைப் பார்த்தார்.

"இன்னாம்மா, இது இன்னா பல்லவன் பஸ்ஸா, குடை போட்டு எடம் புடிக்கிற?"

"பஸ்ஸா இருந்தா நின்னுக்கினே போயிருப்பேன் நைனா" என்றார் அக்கா. பென்ஷன்காரர் சிரித்துக்கொண்டே அடுத்த இருக்கையில் உட்கார்ந்தார்.

3.40. ஆட்டத்துக்கு முன் செயற்கைப் புல்தரையை நனைக்கத் தண்ணீர் பீய்ச்சினார்கள். முதல் வரிசை பாதி நனைந்தது. பலர் எழுந்து பின்னால் போனார்கள். அக்கா பையை மட்டும் முந்தானைக்குள் வைத்துக்கொண்டார்.

சலீம் வடக்குக் கோலுக்கு நடந்தான். ஹெல்மெட் ஏற்கெனவே தலையில் இருந்தது. நான் தெற்கே போட்ட நாளிதழை எடுத்துக்கொண்டு அக்கா பக்கம் வந்தேன். பதினெட்டாவது நிமிடத்தில் பெனால்டி கார்னர். பந்தைக் காலால் தடுத்தான். எழுந்ததும் கையால்தான் தன் ஆட்களுக்கு இடம் காட்டினான்.

"கீப்பர் வாயத் தொறக்க மாட்டேன்றானே. பின்னால நிக்கிறவன் கத்தலைன்னா முன்னால நிக்கிறவன் இன்னா பண்ணுவான்?" என்றார் பென்ஷன்காரர்.

அக்கா குடையின் பிடியை இரண்டு கையாலும் பற்றியிருந்தார்.

4.20. இடைவேளை விசில். ஒரு கோலுக்கு ஒரு கோல். அக்கா எழுந்து கம்பியோடு ஒட்டி நின்றார். இருபத்தைந்து கெஜக் கோட்டைத் தாண்டியதும் சலீம் ஹெல்மெட்டைக் கழற்றினான். இடது தாடை வீங்கியிருந்தது. கீழே குறுக்காக ஒரு பிளாஸ்திரி. அக்கா அவனைக் கூப்பிடவில்லை. வலது கையை உயர்த்தி மூன்று விரல்களைச் சேர்த்துக் காட்டினார். நாலைந்து எட்டு வைத்த பிறகுதான் அவன் பார்த்தான், நின்றுவிட்டான். ஹெல்மெட் மறுபடி முகத்தை நோக்கிப் போய்ப் பாதியில் நின்றது. அதைக் கீழே வைத்துவிட்டுக் கையுறையை உருவினான். பின்னால் வந்த ஆட்டக்காரர்கள் அவனைச் சுற்றிக்கொண்டு போனார்கள். முதல் விரல், இரண்டாவது விரல். கண்ணை இறுக்கி மூடினான். மூன்றாவதும் உள்ளே போனது.

"போச்சு" என்றார் அக்கா. உட்கார்ந்தார். பிறகு என்னைப் பார்த்து, "இன்னொரு தபா காட்டச் சொல்லலாமா?" என்றார். அவன் அதற்குள் பெஞ்சில் உட்கார்ந்துவிட்டான். பிடரிதான் தெரிந்தது.

இரண்டாம் பாதி தொடங்கும் முன் அவரே குடையை எடுத்துக்கொண்டு எழுந்தார். "வா தம்பி, உன் எடத்துக்குப் போலாம். ஆட்டம் இன்னான்னு பாப்போம்."

மேலிருந்து மூன்றாவது வரிசை நிறைந்திருந்தது. படிக்கட்டில் உட்கார்ந்தோம். அங்கிருந்தும் எல்லாம் தெரிந்தது. தெற்குக் கோலின் அகலம் பன்னிரண்டு அடி, உயரம் ஏழு அடி. அதன் நடுவே சலீம். அக்கா கொஞ்ச நேரம் அதையே பார்த்தார்.

"இத்தாம் பெரிய வாசலுக்கு இவன் ஒருத்தன்தானா?"

ஆமாம் என்றேன். சலீமின் அணி இரண்டுக்கு ஒன்று என்று வென்றது. இரண்டாம் பாதியிலும் அவன் கத்தவில்லை.

வெளிவாசலில் அவனுக்கு ஐந்து நிமிடம்தான் கிடைத்தது. அக்கா கட்டைவிரலால் தாடை எலும்பை ஓரம் முழுக்க அழுத்திப் பார்த்தார். அவன் "அம்மி, எல்லாரும் பாக்கறாங்க" என்றான். கஞ்சியை நின்றபடியே குடித்து முடித்துவிட்டு பிளாஸ்க்கைத் திருப்பிக் கொடுத்தான். மேனேஜர் கூப்பிட்டார். ரயில் நிலையம் எதிரேதான். எல்லாரும் பெட்டிகளோடு நடந்து போனார்கள்.

மாலை 6.30. பார்க் டவுனில் ஏறினோம். பெட்டியில் எங்களைத் தவிர ஒருவரும் இல்லை. எந்த ஜன்னலை வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம். சேப்பாக்கம் தாண்டியதும் அக்கா துணிப்பையை மடியிலிருந்து எடுத்து எதிர் இருக்கையில் வைத்தார். மேலே குடையைக் குறுக்காக வைத்தார், மைதானத்தில் இடம் பிடித்த மாதிரியே. லுங்கியும் சட்டையும் மடிப்புக் கலையாமல் உள்ளே இருந்தன. திருமயிலை வரை அந்த இடத்தைக் கேட்டு யாரும் வரவில்லை.