நேராக முளைத்த வரிசை

ஆனேக்கல் பக்கம் அந்த நிலத்துக்கு எங்கள் ஆபீஸ் கூட்டத்தை அழைத்துப் போனவள் என் சிநேகிதி. கோலார் தங்கவயலில் ஒரே லைன் வீடுகளில் பிறந்து, பள்ளியில் ஒரே பெஞ்சில் உட்கார்ந்தவர்கள் நாங்கள். நான் பெங்களூருக்கு ஆபீஸ் வேலைக்கு வந்தேன். அவள் நிலத்தைக் குத்தகைக்கு எடுத்து, நகரத்துக்காரர்களுக்கு ஞாயிறுதோறும் விவசாயம் சொல்லிக் கொடுக்க ஆரம்பித்தாள். உரக்கடைப் பக்கமே போகாமல் ஒரே நிலத்தில் பல பயிர் செய்வதுதான் அவளுடைய பாடம்.

ஆளுக்கு ஒரு துண்டு நிலம். சில உழவுச் சால்களில் கேழ்வரகு, நடுவே மொச்சையும் கடுகும் ஆமணக்கும் கலந்து ஒரு சால். இந்தக் கலப்புச் சாலுக்கு அங்கே அக்கடி என்று பெயர். கம்ப்யூட்டரைத் தவிர எதையும் தொட்டறியாத கூட்டம் மண்ணில் இறங்கி அடித்த கூத்தைப் பார்த்திருக்க வேண்டும். என் விதைப் பை கிழிந்து, ஒரு கைப்பிடி மொச்சை வரப்போரம் ஒரே இடத்தில் கொட்டிவிட்டது. பொறுக்கச் சோம்பல். மண்ணைத் தள்ளி மூடினேன். ஆமணக்கைப் போடவே மறந்துபோய், வீட்டுக்கு வந்து பார்த்தால் அது ஜீன்ஸ் பையில் கிடந்தது.

அடுத்த ஞாயிறு மழை, போகவில்லை. அதற்கடுத்த ஞாயிறு போனால், என் பெயர் எழுதிய குச்சிக்குப் பின்னால் பச்சைப் பசேலென்று பயிர். அழுதேவிட்டேன். வேறெதுவும் கண்ணில் படவில்லை.

"வேலைய உட்டுட்டு உன்கூடவே வந்துடட்டுமாடி?" என்று கேட்டேன்.

"வாடி, இன்னா யோசனை? உன்னுது ராசியான கை," என்றாள்.

மறுநாளே ராஜினாமா கொடுத்தேன். வீட்டில் ரகளை. அம்மா என்னோடு பேசுவதை நிறுத்திவிட்டாள். எனக்குத்தான் ராசியான கை ஆயிற்றே, என்ன கவலை!

மூன்றாம் தடவை, களை எடுக்கப் போனபோதுதான் குனிந்து ஒழுங்காகப் பார்த்தேன். செடிகள் சாணுக்கு ஒன்றாக, நூல் பிடித்த மாதிரி நின்றன. வரப்போரம் கொத்தாக வந்திருக்க வேண்டிய மொச்சையைக் காணோம். எலி தின்றிருக்கும் என்று மனதைத் தேற்றிக்கொண்டேன். கொஞ்சம் தள்ளி ஓர் ஆமணக்குச் செடி. எலி ஆமணக்கு விதைக்குமா?

அவளைத் தனியே இழுத்துப் போய்க் கேட்டேன். அவள் மழுப்பக்கூட இல்லை.

"ஆமா, ஆள் வெச்சு மறுபடி போட்டோம். உன்னுது மட்டுமில்ல, எல்லாருதும்தான். போட்டது மொளைக்கலன்னா அடுத்த வாரம் யாருடி வருவா? சும்னே பேஜார் பண்ணாத."

"வேலைய உடறேன்னு சொன்னப்பவாவது சொல்லியிருக்கலாமேடி?"

"அவ்ளோ சந்தோஷமா இருந்த. எப்படிச் சொல்றது?"

பழியை என் சந்தோஷத்தின் தலையில் கட்டினாள் பாருங்கள், அதை இன்றுவரை என்னால் ஜீரணிக்க முடியவில்லை. ஊரார் ஏமாற்றினால் நாலு வார்த்தை திட்டிவிட்டு வேலையைப் பார்க்கலாம். இவள் என் தட்டில் கை வைத்துச் சாப்பிட்டு வளர்ந்தவள். அவளை அறையலாம் போல இருந்தது.

அறையவில்லை. வெட்கத்தை விட்டு ஒன்றுதான் கேட்டேன்.

"நான் போட்டதுல ஒண்ணுகூடவா மொளைக்கல?"

"அத யாரு பாத்தா?" என்றாள். "நீங்க பஸ் ஏறினதுமே ஏர் ஓட்டிட்டோம்."