காதர் மைதீன் போட்ட ரவுண்டானா

செய்தி கொண்டுவந்தவர், நாகல் நகரில் ஓவர்சியர் காதர் மைதீன் குடியிருந்த அறையின் சொந்தக்காரர். நகராட்சி அலுவலக வாசலில் சைக்கிளைச் சாய்த்துவிட்டு நேராக என் மேசைக்கு வந்தார். “ஓவர்சியர் எந்திரிக்கலைங்க. தட்டித் தட்டிப் பாத்துட்டு ஓட்டப் பிரிச்சுத்தான் உள்ள எறங்கினோம். தூக்கத்துலயே போயிட்டாரு” என்றார். பிறகு தயங்கித் தயங்கி, “யாருக்குச் சொல்லி விடணும்னு தெரியல. உங்க பேரத்தான் அடிக்கடி சொல்வாரு” என்றார்.

காதருக்கு ஓர் அண்ணன் இருந்தார். இதே ஊரில், நடந்து போகிற தூரத்தில் இருந்தார். ஆனால் அவர்கள் இருவரும் முகம் பார்த்துப் பேசிப் பல வருடங்கள் ஆகியிருந்தன. ஏன் என்று, இதைப் படிக்கும் உங்களில் சிலருக்குத் தெரியும். தெரியாதவர்களுக்காக எழுதுகிறேன். அலுவலகத்தில் அவரோடு வேலை பார்த்த பலரும் அவரைச் சிடுமூஞ்சி என்றுதான் நினைத்திருக்கிறோம். அவர் அளந்துவருவதைப் படமாக வரைவது என் வேலை என்பதால், எதிர் மேசையில் உட்கார்ந்து அவரை நான் கூடுதலாகப் பார்த்தேன், அவ்வளவுதான்.

கோடையில் ஊருக்கு வெளியே மைதானத்தில் பொருட்காட்சி நடக்கும். ராட்சத ராட்டினமும் மரணக் கிணறும் வந்துவிட்டால் சுற்று வட்டாரமே கிளம்பிவிடும். எரியோட்டிலிருந்தும் அய்யலூரிலிருந்தும் குடும்பம் குடும்பமாக மாட்டு வண்டி கட்டிக்கொண்டு வருவார்கள். ஒரே வாசல். அதற்கு முன்னால் பஸ்ஸும் குதிரை வண்டியும் சைக்கிளும் மோதிக்கொண்டு நிற்கும். வந்த வண்டி எங்கே நின்றதோ அங்கேயே மாட்டை அவிழ்த்துக் கட்டுவார்கள். முன்னால் நிற்பவன் ராட்டினம் ஆடி முடிக்கும்வரை பின்னால் இருப்பவன் ஊர் போக முடியாது.

ஒரு வருடம், ஒரு பஸ் ஹாரன் அடித்ததில் மாடு மிரண்டு, பூ விவசாயி ஒருவரின் மனைவி சக்கரத்தில் விழுந்துவிட்டார். காதரும் நானும் பக்கத்தில்தான் நின்றோம். சக்கரத்தைத் தூக்கிப் பிடித்தவர்களில் காதரும் ஒருவர். அந்த அம்மாவுக்கு உயிர் இருந்தது. ஒரு ஜட்கா வண்டியில் கிடத்தினோம். ஆனால் ஜட்கா நகரவில்லை. முன்னாலும் வண்டி, பின்னாலும் வண்டி. அந்தக் கணவர், “வழி விடுங்கய்யா, சாமி, வழி விடுங்கய்யா” என்று ஒவ்வொரு வண்டிக்காரரின் காலையும் தொட்டுக்கொண்டே ஓடினார். வழி விட அவர்களுக்கும் இடம் இல்லை. நாங்கள் கைகளால் தூக்கிக்கொண்டு கூட்டத்தைத் தாண்டியபோது எல்லாம் முடிந்துவிட்டது.

மறுநாள் காதர் அளவு டேப்பை எடுத்துக்கொண்டு வெறும் மைதானத்துக்குப் போனார். யாரும் போகச் சொல்லவில்லை. பல வாரங்கள் போனார். ரெட்டை மாட்டு வண்டி ஒன்றை வாடகைக்குப் பிடித்துத் திருப்பித் திருப்பி ஓட்டச் சொல்லி, சக்கரத் தடத்தைச் சுண்ணாம்பால் குறித்தார். “வண்டிய நிறுத்துறது பெரிசில்லப்பா. எடுக்கறதுதான் பெரிசு” என்பார். மாடு பின்னால் நடக்காது என்பதை வைத்தே மொத்தத் திட்டத்தையும் யோசித்தார். சாய்ந்த வரிசைகள், ஒவ்வொரு வரிசைக்கும் முன்னால் ஒரு பாதை. வரிசையின் பின்பக்கமாக நுழைந்து நிற்கும் வண்டி, யாரையும் கேட்காமல் முன்பக்கமாகப் போய்விடலாம். பஸ்ஸுக்குத் தனி இடம். வாசலை ஒட்டி எதுவும் நிற்காத அகலமான ஒரு பாதை. சாலைகள் கூடும் இடத்தில், நடுவே ஒரு வட்டம். திண்டுக்கல்லில் அதற்கு முன் அப்படி ஒன்றை நாங்கள் பார்த்ததில்லை.

நான் படம் வரைந்தபோதுதான் கவனித்தேன். வட்டத்தின் ஓரக்கோடு ஒரு சாப்பாட்டுக் கடையின் நடுவே போனது. அது அவருடைய அண்ணன் ஷேக் உதுமானின் கடை. தோல் கிடங்கில் கூலிக்கு நின்று தம்பியைப் படிக்கவைத்து, பிறகு சிறுகச் சிறுகச் சேர்த்து அந்த இடத்தில் கடை போட்டவர். வாசலுக்கு நேர் எதிர். ஊரிலேயே நல்ல இடம்.

“காதர், வட்டத்தக் கொஞ்சம் கிழக்க தள்ளினா என்ன?” என்றேன்.

“தள்ளிப் பாத்தேன். பள்ளத்துல போய் விழுகுது.”

“சின்னதாப் போட்டா?”

“வண்டி திரும்பாது. திரும்ப முடியாத வட்டம் எதுக்கு?” என்றவர், “நீ போடுப்பா. நான் அண்ணன்கிட்டச் சொல்லிக்கிறேன்” என்றார்.

என்னையும் கூட்டிக்கொண்டு போனார். கடையில் கூட்டம் இல்லாத மதிய நேரம். உதுமான் அண்ணன் எங்கள் இருவருக்கும் இலை போட்டார். காதர் சாப்பிடாமல் விஷயத்தைச் சொன்னார். அண்ணன் முதலில் சிரித்தார். விளையாட்டு இல்லை என்று தெரிந்ததும் கரண்டியைச் சட்டியில் போட்டுவிட்டு நின்றார்.

“ஏலே, நான் தோல் நாத்தத்துல கெடந்து உன்னப் படிக்க வச்சது இதுக்குத்தானா?”

“அண்ணே, மைதானத்துப் பின்பக்கம் துணிக்கடை வரிசையில உங்களுக்கு இடம் கேட்டு வாங்கியிருக்கேன். பெரிய இடம்.”

“பின்பக்கம் எவன் வருவான்? வேற ஓவர்சியர் யாராச்சும் போட்டிருந்தா நான் சண்ட போட்டிருப்பேன். தம்பி போட்ட கோட்ட நான் எங்க போய்ச் சொல்ல?”

எழுந்து வெளியே வந்தோம். இலையில் வைத்த சோறு அப்படியே இருந்தது. அந்த வாரமே காதர் அண்ணன் வீட்டிலிருந்து பெட்டியை எடுத்துக்கொண்டு நாகல் நகருக்குக் குடிவந்தார். மதினி அவருக்காகப் பேசி வைத்திருந்த பெண் வீட்டாரும், குடும்பத்தில் சண்டை என்று கேள்விப்பட்டுப் பின்வாங்கினார்கள். அதன் பிறகு அந்தப் பேச்சை எடுக்க அவருக்கு யாரும் இல்லை.

நகராட்சி திட்டத்தை ஏற்றது, அண்ணன் கடை இடிபட்டது, அடுத்த கோடையில் வட்டம் திறந்தது. வட்டத்தை வலது கைப்பக்கமாக வைத்துச் சுற்றிப் போக வேண்டும் என்று சொல்லிக்கொடுக்கக் காதரே வெயிலில் நின்றார். ஒரு விவசாயி மூன்று சுற்று சுற்றிவிட்டு, “ஏய்யா, நான் பொருட்காட்சி பாக்க வந்தேனா, செக்கு ஓட்ட வந்தேனா?” என்று கத்தினார். கூட்டமே சிரித்தது. காதரும் சிரித்தார். அவர் அப்படிச் சிரித்து நான் பார்த்தது அன்றுதான்.

அந்தப் பொருட்காட்சியின் கடைசி நாட்களில், பொழுது சாயும் நேரம், துணிக்கடை வரிசையில் தீப்பிடித்தது. எல்லாம் கீற்றுக் கொட்டகை. காற்று வேறு. நான் ராட்டினத்துக்குப் பக்கத்தில் என் மனைவியோடு நின்றேன். கூட்டம் அலறிக்கொண்டு வாசலுக்கு ஓடியது. போன வருடத்து வாசல் என் கண்ணுக்குள் வந்து நின்றது. ஆனால் வாசலுக்கு வெளியே பாதை காலியாகக் கிடந்தது. ஜனங்கள் அதில் கொட்டிய தண்ணீர் மாதிரிப் பரவிப் போனார்கள். வண்டிகள் வரிசை வரிசையாக முன்பக்கம் கழன்று வட்டத்தைச் சுற்றி வெளியேறின. தீயணைப்பு வண்டி தடையில்லாமல் உள்ளே வந்தது. வட்டத்தின் நடுவில் காதர் துண்டை வீசி வழி காட்டிக்கொண்டிருந்தார். ஓர் உயிர்கூடப் போகவில்லை.

அவருடைய மதினியும் இரண்டு பெண் பிள்ளைகளும் அந்தக் கூட்டத்தில்தான் வெளியே வந்தார்கள். மதினி அவரைக் கண்டதும் பிள்ளைகளை அவர் பக்கமாகத் தள்ளி, “பிழைச்சுக்கிட்டோம் தம்பி” என்று அழுதார். காதர் அந்தப் பிள்ளைகளின் தலையைத் தடவித் தடவிப் பார்த்தார். அப்போதுதான் உதுமான் அண்ணன் வந்தார். சட்டையெல்லாம் கரி. பின்பக்கம் தம்பி வாங்கிக்கொடுத்த இடத்தில் இருந்த அவருடைய கடை, துணிக்கடைகளோடு சேர்ந்து எரிந்துபோயிருந்தது.

“முதல்ல இடிச்ச. இப்ப எரிச்சிட்ட” என்றார். பிள்ளைகளைக் கையில் பிடித்துக்கொண்டு போனார்.

ஊர் காதரைப் பாராட்டியது. நகராட்சியில் மாலை போட்டார்கள். மாலையைக் கழற்றி என் மேசையில் வைத்துவிட்டு, “தீ எந்தப் பக்கம் புடிக்கும்னு எனக்குத் தெரியாதேப்பா” என்றார். உதுமான் அண்ணன் மறுபடி தோல் கிடங்குக்கே வேலைக்குப் போனார். அங்கே போக வட்டத்தைத் தாண்ட வேண்டும். அவர் தாண்டவில்லை, குறுக்குச் சந்துகளில் புகுந்து சுற்றிப் போனார் என்று கேள்விப்பட்டேன். காதரும் அதைக் கேள்விப்பட்டிருந்தார். அலுவலகம் விட்டதும் போய் வட்டத்தின் ஓரத்தில் சற்று நேரம் நிற்பார். “வண்டி ஒழுங்காப் போகுதான்னு பாக்குறேன்” என்பார். வண்டியைத்தான் பார்த்தாரா என்று நான் கேட்டதில்லை.

அவர் இறந்த அன்று, யோசித்துப் பார்த்துவிட்டு, தோல் கிடங்குக்கு நானே போனேன். உதுமான் அண்ணன் செய்தியைக் கேட்டு அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். பிறகு கையைக் கழுவிக்கொண்டு என்னோடு புறப்பட்டார். தம்பியைக் குளிப்பாட்டியதும் கபன் துணி சுற்றியதும் அவர் கைதான். ஜனாஸா ஊர்வலத்துக்கு அதிகம் பேர் இல்லை. அலுவலகத்திலிருந்து நாங்கள் சிலர், பள்ளிவாசல் ஆட்கள் சிலர். அடக்கம் செய்ய மையவாடிக்குப் போகிற வழியில் வட்டம் வந்தது. வெயில் ஏறிக்கொண்டிருந்தது. சாலையில் வண்டி ஏதும் இல்லை. சந்தூக்குப் பெட்டியைச் சுமந்த இளவட்டங்கள் சீக்கிரம் போகலாம் என்று வலப்புறமாகக் குறுக்கே திரும்பினார்கள்.

“ஏலே, அப்படிப் போகாதீங்கப்பா. சுத்தி வாங்க” என்றார் உதுமான் அண்ணன். சந்தூக்கின் முன் காலைத் தன் தோளுக்கு மாற்றிக்கொண்டு அவரே சுற்றி நடந்தார். பாதிச் சுற்றில் அவர் தேம்புவது பின்னால் நடந்த எனக்குக் கேட்டது.

பெருநாளன்று காதர் காலைத் தொழுகை முடித்து நேராக எங்கள் வீட்டுக்குத்தான் வருவார். ஒரு பெருநாளில் அவர் ஓட்டலில் தனியாக இட்லி சாப்பிட்டதை நான் பார்த்துவிட்டுவந்து சொல்ல, அடுத்த பெருநாளிலிருந்து என் மனைவி அவருக்காகச் சமைக்க ஆரம்பித்தாள். எங்கள் வீட்டில் கறி கிடையாது. கத்தரிக்காய்க் குழம்பும் சேமியா பாயசமும்தான். “இம்புட்டு ருசியா பிரியாணி எங்க இருக்கு தங்கச்சி?” என்று வருடம் தவறாமல் சொல்வார்.

அவர் போன பிறகு வந்த பெருநாளில், “என்ன செய்யட்டும்?” என்று கேட்டாள் மனைவி. “வை” என்றேன். வழக்கம்போலவே வைத்தாள். வாசல் கதவைத் திறந்துவைத்துவிட்டு நாங்கள் இருவரும் உட்கார்ந்து சாப்பிட்டோம். அவர் வைத்துவிட்டுப் போன பொருள் என்று என்னிடம் எதுவும் இல்லை. இந்த ஒரு வேளைச் சாப்பாட்டை மட்டும் நாங்கள் விடப்போவதில்லை.