கண்ணாடிக்கடைக்காரரின் இரண்டாம் பாதி விமர்சனம்

கண்ணாடிக்கடைக்காரர் சினிமா பேச ஆரம்பித்தால் தப்பித்து ஓட வழியே இல்லை. கேட்பவர் மூக்கின் மேல் கண் பரிசோதிக்கும் கனமான சட்டத்தை முதலிலேயே மாட்டிவிடுவார். பிறகு எழுந்து போகவும் முடியாது, தலையை ஆட்டி மறுக்கவும் முடியாது. ஒரு லென்ஸைப் போட்டு, "இது தெளிவா, முந்தினது தெளிவா?" என்பார். பதில் வருவதற்குள், "முதுகு டைரக்டரோட புதுப் படம் பார்த்தீங்களா?" என்று தொடங்கிவிடுவார்.

எந்த இயக்குநரையும் அவர் பெயர் சொல்லிக் குறிப்பிட்டதில்லை. கதாநாயகனின் முதுகையே கால்மணி நேரம் காட்டுகிறவர் முதுகு டைரக்டர். "அந்த மனுஷனுக்கு ஹீரோ மூஞ்சி மேல நம்பிக்கையே இல்லைங்க." யாராவது கண்கலங்கினால் உடனே வானத்தைப் பொத்துக்கொண்டு ஊற்றவிடுகிறவர் மழை டைரக்டர். வெளிநாட்டில் பரிசு வாங்கிய ஒருவரைக்கூட அவர் விட்டுவைக்கவில்லை. "கேமராவை ஓடவிட்டுட்டு சாப்பிடப் போயிட்டார்போல. திரும்பி வர்ற வரைக்கும் நாமதான் அந்த நாற்காலியைப் பார்த்துக்கிட்டு இருக்கணும்."

இதைக் கேட்பதற்காகவே, கண்ணில் ஒரு கோளாறும் இல்லாத பேக்கரிக்காரரும் ஓய்வுபெற்ற கணக்கு வாத்தியாரும் திங்கட்கிழமை காலையில் கடைக்கு வந்து உட்கார்ந்துவிடுவார்கள்.

இந்த மேதைக்கு ஒரு ரகசியம் உண்டு. ஞாயிற்றுக்கிழமை தியேட்டரில் இடைவேளை முடிந்து விளக்கு அணைந்த பத்தாவது நிமிஷம் ஆள் குறட்டை விட்டுவிடுவார். வாரம் முழுக்க ஊரார் கண்ணைப் பார்த்துக் களைத்த கண்கள், பாவம், வேறென்ன செய்யும்? ஸ்கூட்டரில் வீடு திரும்பும்போது பின்னால் உட்கார்ந்திருக்கும் மனைவி மிச்சக் கதையைச் சொல்வாள். கதையோடு விடமாட்டாள். எந்த இடம் மனசைத் தொட்டது, எங்கே டைரக்டர் சறுக்கினார் என்பதும் வரும். மறுநாள் அது அப்படியே கடைக்காரர் வாயிலிருந்து, அவர் சொந்தச் சரக்காக வெளிவரும். இருபது வருஷமாக இப்படித்தான் வண்டி ஓடிக்கொண்டிருந்தது. அதைத் திருட்டு என்று அவர் நினைத்ததே இல்லை. ஒரே குடும்பம்தானே!

ஒரு சனிக்கிழமை வாயைக் கொடுத்து மாட்டிக்கொண்டார். "வீட்டம்மாவும் உங்களை மாதிரியே படம் பார்ப்பாங்களா?" என்று வாத்தியார் கேட்டார்.

"அவளா? பாட்டு நல்லா இருந்தா போதும் சார் அவளுக்கு. டைரக்டர்னு ஒருத்தர் இருக்கிறதே தெரியாது."

சாப்பாட்டு டப்பாவோடு மனைவி வாசலில் நின்றிருந்தாள். டப்பாவை மேசையில் ணங்கென்று வைத்துவிட்டுப் போய்விட்டாள்.

மறுநாள் மழை டைரக்டரின் புதுப் படம். அவளும் வந்தாள். வழக்கம்போல அவர் தூங்கினார். ஸ்கூட்டரைக் கிளப்பி, "அப்புறம் என்ன ஆச்சு?" என்று கேட்டார்.

"எனக்கென்னங்க தெரியும்? பாட்டு நல்லா இருந்துச்சு."

கெஞ்சிப் பார்த்தார். கோபித்துப் பார்த்தார். அவள் வாயைத் திறக்கவே இல்லை. இருபது வருஷ மானம் காற்றில் பறக்கப் போகிறதே என்று ராத்திரி முழுக்கப் புரண்டுகொண்டிருந்தார்.

திங்கட்கிழமை காலை இரண்டு பேரும் ஆஜர். முதல் பாதியை ஒப்பேற்றிவிட்டார். இரண்டாம் பாதிக்கு வந்ததும் குத்துமதிப்பாக ஒன்றை எடுத்துவிட்டார். "ஹீரோவோட அம்மா சாகிற காட்சியில மழையைக் கொஞ்சம் குறைச்சிருக்கலாம்."

பேக்கரிக்காரர் விழித்தார். "அம்மா எங்கே செத்தாங்க? கடைசியில கல்யாணமே அவங்களுக்குத்தானே!"

கடைக்காரருக்கு வேர்த்துவிட்டது. லென்ஸ் பெட்டியை மூடினார், திறந்தார், மறுபடி மூடினார். "தூங்கிட்டேன்" என்றார். "எப்பவும் தூங்கிடுவேன். ரெண்டாம் பாதி பத்தி இதுவரைக்கும் நான் சொன்னதெல்லாம் அவ சொன்னதுதான்."

பேக்கரிக்காரர் விழுந்து விழுந்து சிரித்தார். "அதானே பார்த்தேன்! முதல் பாதி பத்தி நீங்க அளக்கிறதை நாங்க பொறுத்துக்கிறதே அந்த ரெண்டாம் பாதிக்காகத்தான்யா."

வாத்தியார் சிரிக்கவில்லை. "போன வருஷம் ஒரு படத்தைப் பத்திச் சொன்னீங்களே. அப்பன் மகளை வெளியே தள்ளிக் கதவைச் சாத்துறான், ஆனா தாழ்ப்பாள் போடலை, படம் அங்கேயே முடிஞ்சுபோச்சுன்னு. அதுவும் அவங்க சொன்னதா?"

"ஆமாம் சார்."

"அன்னைக்குச் சாயங்காலமே என் பொண்ணுக்கு போன் பண்ணேன். நாலு வருஷமா நான் அவகூடப் பேசலை."

கடைக்காரர் பதினோரு மணிக்கே கடையைச் சாத்திக்கொண்டு வீட்டுக்குப் போனார். மனைவி மாடியில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தாள். மூச்சு வாங்க, வாத்தியார் சொன்னதை ஒன்றுவிடாமல் சொன்னார். ஈரச் சட்டையைக் கையில் பிடித்தபடி அவள் கேட்டுக்கொண்டிருந்தாள்.

"நான் சொன்னதுன்னு அவருக்குத் தெரியுமா?" என்று கேட்டாள்.

"இன்னைக்குத்தான் தெரிஞ்சுது. நானே சொல்லிட்டேன்."

அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டு ஈரச் சட்டையை உதறிக் கொடியில் போட்டாள். இருபது வருஷமாகத் தான் செய்தது திருட்டுத்தான் என்று முதல்முறையாக உறைத்து, அவருக்கு மிகவும் வெட்கமாக இருந்தது.